மோதிரம் போட்ட பொடியனும் களரியில் நிற்கிற திரௌபதையும்

கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஏழு வயது மகன் யூரியூப்பில் 'ஷீஸாவ்' என்ற பழைய கார்ட்டூன் ஒன்றைக் கண்டுபிடித்து, அதையே விடாமல் பார்க்கிறான். அதில் ஒரு பையன் மோதிரம் போட்டதும் பெண் உடுப்போடு சூப்பர் ஹீரோவாகி விடுகிறான். இப்போது மகன் தாயின் 'சால்' துணியைக் கழுத்தில் கட்டி, அவருடைய காப்பில் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் பறந்து திரிகிறான். மாமி பார்த்துவிட்டு, "ஆம்புளப் புள்ளய இப்புடி விட்டா மறுகா என்னத்துல போய் முடியும்" என்று சத்தம் போட, கணவர் போனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இணையத்தில் தேடினால் அமெரிக்காவிலும் இந்தக் கார்ட்டூனுக்கு எதிர்ப்பு எழுந்த செய்தி வருகிறது. அப்படியென்றால் இது உண்மையிலேயே பிள்ளைகளுக்குக் கூடாததா, இல்லாவிட்டால் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான் பதறுகிறார்களா என்று கேட்கிறார்.

தங்கச்சி, உங்கள் கேள்வியில் கார்ட்டூன் இருக்கிறது, மாமி இருக்கிறார், அமெரிக்காவும் இருக்கிறது. அதற்குள்ளே நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: இதைப் பார்த்து என் மகன் மாறிப்போவானா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு கார்ட்டூனைப் பார்த்ததாலோ, தாயின் சாலைக் கட்டி விளையாடியதாலோ ஒரு பிள்ளை தன்னை ஆண் என்றோ பெண் என்றோ உணர்வது மாறிவிடும் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அந்த வயதில் வேடம் போட்டு விளையாடாத பிள்ளைதான் அபூர்வம். இதை நான் வைத்தியராகச் சொல்லவில்லை. மட்டக்களப்பில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவன் நான். கூத்தாடிய ஆட்கள் இருந்த வீட்டில் பிறந்து, பொடியன்களுக்குச் சேலை உடுத்தி மேடையேற்றுவதைத் தொழிலின் ஒரு பங்காகச் செய்து வருகிறவன். ஆண் பிள்ளை பெண் வேடத்தில் வந்தால் சனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும். பிள்ளைகளின் மனம் பற்றி நான் சொல்லப்போவது படித்தறிந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல் வாசியுங்கள்.

முதலில் அந்தக் கார்ட்டூனில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எதிர்த்தவர்களில் கனபேர் அதைப் பார்க்காமலே எதிர்த்தவர்கள். கை ஹாம்டன் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். ஸ்கேட்போர்ட், அடிபிடி, பெரிய வாய், சரியான குழப்படிகாரன். இறந்துபோன அவனுடைய அன்ரி ஆக்னஸ்தான் ஊரைக் காத்துவந்த ஷீஸாவ் என்ற பெண் சூப்பர் ஹீரோ. அவருடைய மோதிரம் அந்தப் பையனின் விரலில் ஏறிவிடுகிறது. அது ஒரு பெண்ணுக்காகச் செய்த மோதிரம். ஆகவே அவன் சக்தியைக் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பெண் ஹீரோவின் உடுப்பும் பூட்ஸும் சேர்ந்தே வருகின்றன. ஆயுதங்களும் அப்படித்தான். லேசர் அடிக்கிற லிப்ஸ்டிக், பூசினால் ஆளை மறைக்கிற கிறீம். அவனுக்குக் கெல்லி என்று ஓர் இரட்டைச் சகோதரி. ஷீஸாவைப் பற்றி ஒன்று விடாமல் தெரிந்து வைத்திருக்கிறவள் அவள்தான். மோதிரம் நியாயப்படி அவளுக்குத்தான் வந்திருக்க வேண்டும். வராவிட்டாலும் தம்பியைப் பக்கத்தில் நின்று பழக்குகிறாள். கதை முழுக்க அவன் ஆண் பிள்ளைதான். தான் பெண் என்று அவன் ஓரிடத்திலும் நினைப்பதில்லை, பெண்ணாக விரும்புவதும் இல்லை. விருப்பமில்லாத உடுப்போடு வந்த பொறுப்பை எப்படிச் சுமப்பது என்பதுதான் ஒவ்வொரு கதையின் சிக்கலும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெண்வழியில் வந்த ஒன்றை ஒரு ஆண் பிள்ளை சுமப்பது அமெரிக்காக்காரருக்கு விசித்திரமாக இருக்கலாம். எங்கள் ஊரில் அது புதினமா? மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியில் வருவது. பழைய முறைப்படி கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் பதவி தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போகும். அக்கரைப்பற்றுப் பக்கத்தில் பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார் முறையிலும் இதே தாய்வழிக் கணக்கு இருந்திருக்கிறது. வீடு வளவு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெட்டியோடு அங்கே வந்து குடியேறுவார். ஆக, பெண் பக்கத்துச் சொத்தை வைத்து வாழ்கிற ஆண்கள் எங்கள் தெருவில் தாராளம். அந்த மோதிரக் கதையை என் மாணவர்களுக்குச் சொன்னபோது ஒருவன் கேட்டான்: "அப்ப அந்த அன்ரிட குடிதானே சேர் அவனுக்கும்?" தந்தைக்குச் சகோதரியா தாய்க்குச் சகோதரியா என்று அவர்கள் அரை மணித்தியாலம் தர்க்கப்பட்டார்கள். பாவாடை பற்றி அந்த வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சரி, எதிர்ப்புக்கு வருவோம். இது அவுஸ்திரேலியாவும் கனடாவும் சேர்ந்து தயாரித்த தொடர், ஓபி ஸ்கொட் வேட் என்பவர் உருவாக்கியது. 2012 டிசம்பரில் அவுஸ்திரேலியாவில் ஓடத் தொடங்கியது. 2013 ஜூன் 1இல் அமெரிக்காவின் ஹப் என்ற சிறுவர் அலைவரிசைக்கு வந்தது. பெரிய சத்தம் எழுந்தது அங்கேதான். அதுவும் முதல் கதை அங்கே ஓடுவதற்கு முன்னமே, 'பையன் பெண் சூப்பர் ஹீரோவாகிறான்' என்ற ஒரு வரி விளக்கத்தை வாசித்தவுடனேயே எழுந்தது. பழைமை பேணுகிற பெற்றோர் அமைப்புகளும் வலதுசாரி விமர்சகர்களும், சின்னப் பிள்ளைகளுக்குப் பால்மாற்றத்தை மறைமுகமாக ஊட்டுகிறார்கள் என்று எழுதினார்கள். மறுபக்கத்தில், இதில் என்ன புதுமை, பக்ஸ் பனி என்ற முயல் 1940களிலேயே பாவாடை கட்டிக் கண்ணடித்ததே என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம்: ஆணும் பெண்ணும் பற்றிய வேலிகளைப் பற்றி எழுதுகிறவர்கள். அவர்களில் சிலருக்கு இது போதாமல் இருந்தது. ஆண் பிள்ளை பெண் உடுப்பில் தடுமாறுவதையே பகிடியாக்கினால் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். தொடர் ஒரு பருவத்தோடு நின்றுவிட்டது. இன்றைக்கு அதைத் தேடிப் பார்க்கிறவர்கள் உங்கள் மகனைப் போலத் தற்செயலாகத் தடுக்கி விழுந்தவர்கள்தான்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுகிற சங்கதி ஒன்று உண்டு. அதற்கு ஏழு வருடத்துக்கு முன்பே பென் டென் வந்துவிட்டது. அதிலும் ஒரு பையன், அவனுடைய கையிலும் கழற்ற முடியாத ஒரு சாமான் ஒட்டிக்கொள்கிறது. அவன் நாலு கையோடு மாறுகிறான், நெருப்பாக மாறுகிறான், கண்ணில்லாத மிருகமாக மாறுகிறான். என் பிள்ளை நெருப்பாகிவிடுவானோ என்று ஒரு தாயும் பயப்படவில்லை. மட்டக்களப்புக் கடைகளில் அந்த மணிக்கூட்டின் பிளாஸ்டிக் பிரதியைக் கேட்டு அழாத பொடியன் இருந்திருக்க மாட்டான், நாமும் வாங்கிக் கொடுத்தோம். பையன் மிருகமானால் விளையாட்டு, அவனே பெண் உடுப்புப் போட்டால் விபரீதம். இந்த இரண்டுக்கும் இடையில் பிள்ளையின் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டிலும் அவன் பார்ப்பது ஒன்றைத்தான்: சின்னவனாக இருந்தவன் திடீரென்று பலசாலியாகிறான்.

பிள்ளையின் கண் என்று சும்மா சொல்லவில்லை. 1960களின் கடைசியில் றீற்றா டிவ்றீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். மேனார்ட் என்ற நல்ல சாதுவான பூனையைப் பிள்ளைகளுக்குக் காட்டித் தடவ விட்டார். அப்புறம் பூனையின் முன்பக்கத்தை மறைத்து, முகத்தில் ஒரு நாய் முகமூடியை மாட்டித் திரும்பவும் காட்டினார். பின்பக்கமும் வாலும் அவ்வளவு நேரமும் பிள்ளைகளின் கண் முன்னேதான் இருந்தன. ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் பூனை நாயாகிவிட்டது என்றே நம்பினார்கள். சிலர் கிட்டப் போகவே பயந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு, முகமூடிதானே, உள்ளே பூனைதான் என்றார்கள். ஆண், பெண் என்பதிலும் இப்படியொரு படி இருக்கிறது என்று லோறன்ஸ் கோல்பேர்க் 1966இல் எழுதினார். ஆண் பிள்ளை பெண் பிள்ளையின் சட்டையைப் போட்டால் பெண்ணாகிவிடும் என்று மூன்று நாலு வயதில் நினைப்பார்கள். ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் உடுப்பு மாறினாலும் ஆள் மாறாது என்பது பிடிபட்டுவிடும். எந்த வயதில் சரியாகப் பிடிபடுகிறது என்பதில் பின்னால் வந்தவர்கள் அவரோடு பிணங்கினாலும், முன்பள்ளி வயதுக்கும் பள்ளிக்கூட வயதுக்கும் இடையில் இந்தத் தெளிவு வருகிறது என்பதில் பெரிய பிணக்கு இல்லை.

உங்கள் மகனுக்கு ஏழு. அவன் சிரிக்கிறான் என்றால், உடுப்புக்குள்ளே இருப்பது பொடியன்தான் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் அந்தப் பகிடியே விளங்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண் என்றால் இதுதான் செய்ய வேண்டும், பெண் என்றால் இதுதான் என்று பிள்ளைகள் மிகக் கடுமையாக நிற்பதும் ஐந்து, ஆறு, ஏழு வயதுகளில்தான். ரோஸ் நிறக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பது அந்த வயதில்தான். பிறகு எட்டு ஒன்பதில் மெல்ல இளகும். பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்த ஜெர்மன் ஆய்வு ஒன்று 2005இல் இதைக் காட்டியது. அந்தச் சட்டங்கள் இறுக்கமாக இருக்கிற வயதில் அவற்றை வைத்தே பகிடி பண்ணுகிற கார்ட்டூன் அவர்களுக்கு இனிக்கிறதில் ஆச்சரியம் என்ன? தமிழ்ப் பாடம் எடுக்கிற கடுமையான சேர் தடுக்கி விழுந்தால் வகுப்பு எவ்வளவு சிரிக்கும்!

இனி எனக்கு நன்றாகத் தெரிந்த பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் மாமி எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அவர் கூத்துப் பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டார். அவர் பார்த்த திரௌபதை, சுபத்திரை, சீதை எல்லோரும் ஆண்கள். வடமோடியோ தென்மோடியோ, எந்தப் பாணியானாலும் மரபான கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்தான் ஆடுவான். சட்டம், அதாவது பாத்திரத்துக்குரிய பாட்டுகள், கொடுக்கிற நாளில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பொடியன்களை வரிசையாகப் பாடவிட்டு, குரலையும் உடல்வாகையும் பார்த்துப் பாத்திரத்தைப் பிரித்துக் கொடுப்பார். பெண் பாத்திரம் கிடைத்தவனுக்கு ஆட்டத்தின் தாளக்கட்டே வேறு. மற்றவர்கள் நிலம் அதிர மிதித்துச் சுழன்று ஆடும்போது, அவன் அடியைச் சிறிதாக வைத்து, தோளை அடக்கி, கையால் பேச வேண்டும். இது லேசான வேலை இல்லை. வயலில் மூட்டை தூக்குகிற பொடியனுக்கு இடுப்பை அசைக்காமல் நடக்கப் பழக்குவதற்கே மாதக்கணக்காகும்.

உடுத்தும்போது பார்த்தால் இன்னும் விளங்கும். அரங்கேற்ற இரவு, கொட்டிலுக்குள் பெற்றோல்மக்ஸ் வெளிச்சம். இப்போதெல்லாம் எல்.ஈ.டி. பல்ப். அவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், உடுத்துகிறவர் கொசுவத்தை வாயில் ஊசியோடு மடித்து மடித்துச் செருகுவார். மார்புக்குத் துணி, தலைக்குக் கொண்டை, காலில் சதங்கை. பெரும்பாலும் சேலை அவனுடைய தாயுடையது அல்லது அக்காவுடையது. தாய் கூறைப் பட்டுச் சேலையையே கொடுத்துவிட்டு, கறை படாமல் பார் என்று கொட்டில் வாசலில் நிற்பதையும் கண்டிருக்கிறேன். பக்கத்தில் வீமனுக்கு உடுத்துவார்கள். வடமோடியில் வீரர்களுக்குக் கரப்புடுப்பு. கோழி மூடுகிற கரப்பைப் போல இடுப்பிலிருந்து வட்டமாக விரிகிற பாவாடை அது. பார்க்கப்போனால் அந்தக் கொட்டிலில் வீமனுடைய பாவாடைதான் பெரியது. ஒருவருக்கும் அது உறுத்தியதில்லை.

மறுகா, கூத்து ஆடுகிற வட்டமான களரியில் சனம் என்ன செய்கிறது? துகிலுரிகிற கட்டம் வரும்போது முன்வரிசையில் பாயில் இருக்கிற கிழவிமார் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். திரௌபதையாக நிற்பது இன்னாரின் மகன், போன கிழமை தங்கள் வளவில் தேங்காய் பிடுங்கியவன் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அழுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அவனுக்கு மாலை, காசு. அடுத்த நாள் அவன் சந்தியில் நின்றால் 'திரௌபதை போறா' என்று பகிடி விழும், அவனும் சிரித்துக்கொண்டு போவான். அந்தப் பகிடிக்குள் கொஞ்சம் மரியாதையும் கிடக்கும். நன்றாக ஆடினவனுக்கு அது வருடக்கணக்கில் பட்டப்பெயராகவே நிற்கும். பாண்டிருப்பு உங்களுக்குக் கிட்ட. திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதக் கதையை ஊரே சேர்ந்து நடத்தி, வனவாசம் போய், தீ மிதிக்கிற இடம். அந்தக் கதைக்குள்ளேயே விராடன் அரண்மனையில் அருச்சுனன் ஒரு வருடம் பிருகன்னளையாக, பெண் உடையில் ஆடல் கற்பிக்கிறவனாக இருக்கிறான். காண்டீபம் எடுத்த அதே கைதான். தேர் ஏறிச் சண்டைக்குப் போகிற நேரம் வந்ததும் அவனுடைய வீரத்தில் ஒரு குன்றுமணி குறையவில்லை. உங்கள் மகன் பார்க்கிற கார்ட்டூனின் முடிச்சும் இதிலிருந்து அதிகம் விலகியதில்லை.

இதைச் சொன்னதும், பார்த்தீர்களா நாங்கள் எவ்வளவு திறந்த மனசுக்காரர் என்று யாராவது மார்தட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் சனம் ஏற்றுக்கொண்டது களரிக்குள் நிற்கிற வேடத்தை. வட்டத்துக்கு வெளியே அதே சாயலில் ஒருவர் நடந்தால் அவர்களின் முகம் மாறிவிடும். பெண் நளினத்தோடு நடக்கிற பொடியனைப் பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். திருநங்கைகள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாவதையும் பார்க்கிறோம். பால்நிலை மாறி வாழ்கிறவர்கள் தங்கள் ஆவணங்களைத் திருத்திக்கொள்ள வழிசெய்யும் சான்றிதழ் முறை இந்த நாட்டில் வந்ததே 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையால்தான். ஆகவே கூத்தைக் காட்டி மாமியின் பயத்தைப் பழைமைவாதம் என்று தட்டிவிட முடியாது. அவர் பயப்படுவது, இந்தப் பிள்ளை வட்டத்துக்கு வெளியே அகப்பட்டு ஊரிடம் அடி வாங்குமோ என்றுதான். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணம் ஊரில் இருக்கிறது, கார்ட்டூனில் இல்லை.

இதில் இன்னொரு கோணலும் உண்டு. பெண்கள் பாடசாலை ஒன்றில் தமிழ்த் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கினால், இராவணனும் கட்டபொம்மனும் பெண் பிள்ளைகள்தான். மீசை வரைந்து, தொடை தட்டி, குரலைத் தாழ்த்திப் பேசினால் மண்டபமே எழுந்து கைதட்டும். தாய் தகப்பன் அந்தப் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள். மகள் ஆணாகிவிடுவாளோ என்று என்னிடம் ஒருவரும் வந்து கேட்டதில்லை. ஆண்கள் பாடசாலையில் ஒரு பொடியனுக்குச் சகுந்தலை கொடுத்தால் மட்டும் அடுத்த நாள் தகப்பன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து கேட்டடியில் நிற்பார். வேறு பாத்திரம் இல்லையா சேர் என்பார். பெண் ஆணின் உடுப்பில் ஏறினால் உயர்வு, ஆண் பெண்ணின் உடுப்பில் இறங்கினால் தாழ்வு என்று எங்கள் மனதுக்குள் ஒரு படிக்கட்டு கிடக்கிறது. அமெரிக்காவிலும் அதே படிக்கட்டுத்தான். பெண் பிள்ளை ஆண் வேடத்தில் சண்டைக்குப் போகிற கார்ட்டூன் படத்தை 1998இல் டிஸ்னி எடுத்தபோது, ஷீஸாவுக்கு எழுந்தது மாதிரிக் கூச்சல் எழவில்லை.

எங்கள் வீடுகளில் அவ்வை சண்முகியைக் குடும்பத்தோடு இருந்து பார்த்தோம். 1996இல் வந்த அந்தப் படத்தை இன்றைக்கும் ரீவியில் போட்டால் மாமியே சத்தத்தைக் கூட்டச் சொல்லுவார். அதில் வேடம் போடுகிறவர் பிள்ளையின் தகப்பன், காரணம் பிள்ளைப் பாசம். பெரியவர் போட்டால் அது திறமை என்கிறோம். ஷீஸாவில் போடுகிறவன் பிள்ளை, அதனால்தான் வயிறு கலங்குகிறது. பிள்ளை இன்னும் காயாத மண், எந்த அச்சிலும் பதிந்துவிடும் என்ற எண்ணம். இந்த எண்ணம் முழுப் பிழையுமில்லை. பிள்ளைகள் பார்ப்பதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்தான். என்ன எடுக்கிறார்கள் என்பதில்தான் நாம் தப்பான பக்கம் பார்க்கிறோம்.

சேரா கொய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் முன்பள்ளிப் பிள்ளைகளையும் சூப்பர் ஹீரோக்களையும் பற்றி ஆராய்ந்தார்கள். 2014இல் வந்த ஆய்வில், சூப்பர் ஹீரோ நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த ஆண் பிள்ளைகள் வழமையான 'ஆம்பிளை' விளையாட்டுகளில் இன்னும் கூடுதலாக ஒட்டிக்கொண்டார்கள் என்று தெரிந்தது. 2017இல் வந்த இன்னொன்றில், சூப்பர் ஹீரோக்களில் ஊறிய பிள்ளைகள் ஒரு வருடத்துக்குப் பிறகு கூடுதலாகக் கைநீட்டுகிறவர்களாக இருந்தார்கள். அடிபடுகிற பிள்ளைக்காகக் குறுக்கே போய் நிற்பதில் கூடுதலாக இருக்கவில்லை. நாம் நல்லது என்று நினைத்து விட்டுவிடுகிற சாதாரண சூப்பர் ஹீரோக் கதைகளைப் பற்றியது இது. பாவாடை கட்டாத, மார்பு புடைத்த ஹீரோக்கள். கவலைப்படத்தான் வேண்டுமென்றால் எனக்கு இதில்தான் கூடுதல் கவலை. ஆனாலும் இவை அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள். இன்னது பார்த்தவர்கள் இன்ன மாதிரி நடந்தார்கள் என்று சொல்வதற்கும், பார்த்ததால்தான் நடந்தார்கள் என்று சொல்வதற்கும் தூரம் உண்டு. அடிபிடி விருப்பமான பிள்ளைதான் அந்தப் படங்களைத் தேடிப் பார்த்ததோ என்னவோ. கிழக்கு மாகாணத்துப் பிள்ளைக்கு, அம்மம்மாவும் பெரியம்மாவும் சுற்றி இருக்கிற வீட்டில், அது அப்படியே பொருந்துமா என்பது சந்தேகம்தான்.

கார்ட்டூன் நல்லதா என்று கேட்டால், என் ரசனைக்குச் சுமார்தான். லிப்ஸ்டிக், தலைமயிர், பூட்ஸ் என்று பெண் என்றால் அலங்காரம் மட்டும்தான் என்ற பழைய பல்லவி அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பகிடியையே தட்டித் தட்டி ஒரு பருவம் ஓட்டிவிட்டார்கள். அதில் உயிராக இருக்கிற பாத்திரம் கெல்லிதான். தனக்குக் கிடைக்காத ஒன்றைத் தம்பி பாழாக்காமல் பார்த்துக்கொள்கிற பிள்ளை. நேரம் கிடைத்தால் மகனோடு ஒரு கதையை முழுக்க இருந்து பாருங்கள். அவன் எங்கே சிரிக்கிறான் என்று கவனியுங்கள். அவன் தடுமாறும்போது சிரிக்கிறானா, பெண் என்பதையே கேவலமாக நினைத்துச் சிரிக்கிறானா? இரண்டாவதாக இருந்தால் கதைக்க வேண்டியது அதைப்பற்றித்தான். கெல்லிக்கு ஏன் மோதிரம் கிடைக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். ஏழு வயதுக்காரனுக்கு அநியாயம் நன்றாக விளங்கும், நீங்கள் எதிர்பார்க்காத பதில் வரலாம்.

கணவருக்கும் ஒன்று சொல்லுங்கள். போனைப் பூட்டி வைத்தது நேரக் கணக்குக்காக என்றால் சரி. இந்தக் கார்ட்டூனுக்காக என்றால், அதில் ஏதோ பெரிய விசயம் இருக்கிறது என்று அவரே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது மாதிரிதான். மாமியிடம் ஆய்வுக் கதையெல்லாம் எடுபடாது. அவர் சின்ன வயதில் பார்த்த கூத்தில் பெண் வேடத்துக்குப் பேர்போனவர் யார் என்று கேளுங்கள். பெயர், ஊர், அவர் பாடிய தருப் பாட்டு வரைக்கும் சொல்லுவார். அந்த ஆள் பிறகு என்ன செய்தார் என்றும் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் அப்படிப் பேரெடுத்தவர்களில் விதானையார், வட்டை விதானை, மேசன், கடலுக்குப் போகிறவர், பேரப்பிள்ளை பன்னிரண்டு கண்டவர் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். பையனை ஒருமுறை கூத்துக்கும் கூட்டிப் போங்கள். சீலாமுனைப் பக்கத்தில் கூத்தை இந்தக் காலத்துக்கு ஏற்ப மீளுருவாக்கி ஆடுகிற முயற்சி பல வருடங்களாக நடக்கிறது, சிறுவர்களும் ஆடுகிறார்கள். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்களின் ஆற்றுகைகளும் அவ்வப்போது உண்டு. சதங்கையும் மத்தளமும் ஒருமுறை காதில் விழுந்தால் யூரியூப் கொஞ்ச நாளைக்குப் போட்டியில் தோற்கும்.

ஒரு எல்லைக்கோடு மட்டும் போட்டுவிடுகிறேன். சாலைக் கட்டிச் சிரித்து விளையாடுகிற பிள்ளை வேறு. தன் உடம்பையே வெறுக்கிற, நான் ஆண் பிள்ளை இல்லை என்று மாதக்கணக்காக, விளையாட்டு இல்லாத நேரத்திலும் அழுதுகொண்டு சொல்கிற பிள்ளை வேறு. இரண்டாவது பிள்ளைக்கும் அடி, ஏச்சு, பேய் பார்க்கிறது எதுவும் மருந்தில்லை. போதனா வைத்தியசாலையில் பிள்ளைகளின் மனநலம் பார்க்கிற வைத்தியரிடம் கதைக்க வேண்டும், அங்கேயும் பிள்ளையைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்காமல் அதன் மனசு ஆறுதலாக இருக்க என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. உங்கள் மகன் பறக்கிறான், அவ்வளவுதான்.

பறக்கிறான் என்றதும்தான், நீங்கள் கேட்காத ஒன்று. சாலைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். 2007இல் பிரித்தானிய வைத்தியர்கள் சூப்பர் ஹீரோ உடுப்போடு காயப்பட்டு வந்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். தங்களால் பறக்க முடியும் என்று உயரத்திலிருந்து பாய்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். கழுத்து முடிச்சு யன்னல் கொழுக்கியிலோ கதவுப் பிடியிலோ மாட்டினால் அதைவிட மோசம். சாலின் இரண்டு நுனியையும் சேர்ட்டின் இரண்டு தோளிலும் சின்னச் சின்னத் தையலாகப் பிடித்துவிடுங்கள், இழுத்தால் அறுந்து வருகிற மாதிரி. மதிலில் ஏற விடாதீர்கள். காப்பைக் கேட்டால் கொடுங்கள், கண்ணாடிக் காப்பாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.